பளபளக்கும் பழைய மடிக்கணினி: வாங்கலாமா, வேண்டாமா?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வசிக்கும் அக்கா கைத்தொலைபேசியோடு வாசலில் வந்து நின்றார். "தம்பி, இந்தக் கம்ப்யூட்டர் நல்லதான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா. மக ஒரு வாரமா இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கா" என்றார்.

புலனத்தில் வந்திருந்த படத்தில் வெள்ளி நிறத்தில் மெல்லிய ஆப்பிள் மெக்புக் ஏர் ஒன்று பளபளத்தது. 2020ஆம் ஆண்டு வெளிவந்தது, கீறல் இல்லை, பெட்டியோடு கிடைக்கும், விலை 1,650 வெள்ளி என்று எழுதியிருந்தார்கள். அக்கா தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்பவர். அந்த மாதம்தான் கூட்டுப் பணம் 2,000 வெள்ளி அவர் கைக்கு வந்திருந்தது. மகள் எஸ்.பி.எம். எழுதிவிட்டு, போலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா படிக்கக் காத்திருக்கிறாள். பதிவுக் கட்டணம், விடுதிச் செலவு, மடிக்கணினி மூன்றுக்கும் அந்த 2,000 வெள்ளிதான்.

"ரெண்டு நாள் டைம் கொடுங்கக்கா" என்றேன். தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்தாலும், உடனே சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டோடு முடிவதும் இல்லை. சுங்கை சோ முதல் பத்தாங் காலி, கோல குபு பாரு வரையிலும், அந்தப் பக்கம் கோலசிலாங்கூர் தோட்டங்கள் வரையிலும், உயர்கல்விக்குக் கிளம்பும் பல வீடுகளில் இதே பேச்சுதான் நடக்கிறது. புதிய சாதாரண மடிக்கணினியா, அதே விலைக்குக் கிடைக்கும் பழைய உயர்தர மடிக்கணினியா?

எனக்குக் கிடைத்த பாடம்

நானும் ஒருமுறை இந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் எழுதியவன். 2019இல் டிப்ளோமாவில் சேர்ந்தபோது, அப்பா சேமித்து வைத்திருந்த 2,000 வெள்ளியோடு கோலாலம்பூரில் ஒரு கடைக்குப் போனேன். உலோக உடல், அழகான திரை, விசைப்பலகையில் விளக்கு. மேலே 'ஐ7' என்ற ஒட்டி. "புது ஐ5 வாங்குறதுக்குப் பழைய ஐ7 எவ்வளவோ மேல் தம்பி" என்றார் கடைக்காரர். நம்பி வாங்கினேன்.

அந்த ஐ7, இண்டெலின் ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த 5500யு. அதில் இருந்தவை இரண்டே கோர்கள். கோர் என்றால் புரோசசருக்குள் வேலை செய்யும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே வந்துவிட்ட எட்டாம் தலைமுறை ஐ5களில் நான்கு கோர்கள் இருந்தன. 'ஐ7' என்பது ஒரே தலைமுறைக்குள் உள்ள தரவரிசை மட்டுமே. தலைமுறை மாறினால் அந்தப் பெயரை வைத்து ஒப்பிட முடியாது. இது எனக்குத் தெரிந்தது பணம் கொடுத்த பிறகுதான்.

கட்டுரை எழுதும் வரை குறையே தெரியவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, வகுப்புகள் இயங்கலைக்கு மாறியபோதுதான் சிக்கல் தொடங்கியது. விரிவுரையாளர் யூடியூப்பில் ஏற்றிய பாடத்தைத் திறந்தாலே உள்ளே விசிறி இரைச்சல் போடும். காரணம் பின்னாளில் புரிந்தது. யூடியூப் பெரும்பாலும் பயன்படுத்தும் 'விபி9' என்ற காணொளி வடிவத்தை விரித்துக் காட்டுவதற்கென்று முழுமையான தனிப்பகுதி இண்டெலில் வந்தது ஏழாம் தலைமுறையில்தான். என் கணினியில் அந்தப் பளுவில் பெரும் பங்கு புரோசசரின் தலையிலேயே விழுந்தது. அதனால் சூடு ஏறியது, மின்கலன் இறங்கியது. ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்ததால் கூட்டவும் முடியவில்லை. 2021 ஜூனில் மைக்ரோசாப்ட் விண்டோஸ் 11ஐ அறிவித்தபோது என் கணினிக்குத் தகுதி இல்லை என்றும் தெரிந்துபோனது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தத் திரையும் விசைப்பலகையும் இன்றுவரை அருமையாகவே இருக்கின்றன. மூடித் திறக்கும் கீல் ஆடவில்லை. உயர்தரக் கணினியில் நாம் பணம் கொடுப்பது இவற்றுக்குத்தான், இவை எளிதில் கிழடாவதும் இல்லை. கிழடாவது உள்ளே இருக்கும் புரோசசரும், அதைச் சார்ந்த மென்பொருள் ஆதரவும், மின்கலனும்தான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வந்த அந்த இயங்குதளம் பத்தாண்டுகள் ஓடியது. அடுத்த விண்டோஸ் 11க்கு, இண்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புரோசசர் வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும்.

இதன் விளைவு என்ன? நிறுவனங்கள் பொதுவாகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊழியர்களின் மடிக்கணினிகளை மாற்றிவிடும். அதற்கு மேல், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியை அலுவலகத்தில் வைத்திருப்பது ஆபத்து. அப்படி வெளியேறும் உயர்தர அலுவலகக் கணினிகள் துடைக்கப்பட்டு, புது ஒட்டி ஒட்டப்பட்டு, பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. புதிதாக இருந்தபோது ஐயாயிரம், ஆறாயிரம் வெள்ளி விற்றவை இன்று நம் கைக்கு எட்டுகின்றன. அவற்றில் தங்கமும் உண்டு, தகரமும் உண்டு.

இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் என்பதுதான் தொல்லை. லெனோவோ திங்க்பேட் டி470, டி480 இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பழகாதவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் டி470 ஏழாம் தலைமுறையோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 பட்டியலில் அதற்கு இடமில்லை. டி480இல் எட்டாம் தலைமுறையும் உண்டு, அதற்கு இடமுண்டு. டெல் லேட்டிடியூட் 7480, 7490 கதையும் ஏறக்குறைய இதுதான்.

இன்னொரு காரணம், ரேம் விலை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளி வாங்குவதால் 2025 இறுதியில் உலகெங்கும் ரேம் விலை ஏறியது. 'குருஷியல்' என்ற பெயரில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகச் சாதாரண மக்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. "இப்போதைக்கு 8 ஜிபி போதும், அப்புறம் மலிவா கூட்டிக்கலாம்" என்ற பழைய அறிவுரையை இனி யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே 16 ஜிபி உள்ள பழைய கணினிக்கு இதனால் மதிப்புக் கூடியிருக்கிறது.

ஒரே ஆண்டு, மூன்று தலைவிதி

அக்கா காட்டிய மெக்புக் ஏருக்கு வருவோம். 2020இல் ஆப்பிள் இரண்டு மெக்புக் ஏர்களை வெளியிட்டது. மார்ச்சில் வந்தது இண்டெல் புரோசசர் கொண்டது. நவம்பரில் வந்தது ஆப்பிளின் சொந்தத் தயாரிப்பான 'எம்1' கொண்டது. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. மார்ச் கணினியின் அடிப்படை வகையில் இரண்டு கோர் கொண்ட ஐ3, நவம்பர் கணினியில் எட்டு கோர்கள். எம்1 ஏருக்கு விசிறியே கிடையாது, தேவையும் படவில்லை.

2025 செப்டம்பரில் வந்த மெக்ஓஎஸ் டஹோ, மார்ச் ஏரை ஏற்கவில்லை, நவம்பர் ஏரை ஏற்றுக்கொண்டது. இண்டெல் மெக் கணினிகளுக்கு வரும் கடைசிப் பதிப்பும் டஹோதான் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அக்கா காட்டியது மார்ச் ஏர். அதற்கு எட்டும் கடைசிப் பதிப்பு, டஹோவுக்கு முந்தைய செக்கோயா. ஆப்பிள் வழக்கமாக அண்மைய மூன்று பதிப்புகளுக்குத்தான் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்து வருகிறது. அந்த வழக்கப்படி கணக்கிட்டால் 2027இன் பிற்பகுதியோடு அதன் காலம் முடிந்துவிடும். பெண்ணின் டிப்ளோமா முடிவதோ 2029இல்.

அதே 2020இல்தான் இண்டெலின் பதினொன்றாம் தலைமுறையும் வந்தது. நான்கு கோர், விண்டோஸ் 11க்குத் தகுதி, புதிய 'ஏவி1' காணொளி வடிவத்தையும் விரிக்கும் தனிப்பகுதி எல்லாம் அதில் உண்டு. மூன்றும் ஒரே ஆண்டுப் பிறப்பு. ஒன்று முடியப்போகிறது, இரண்டு இன்னும் நன்றாக ஓடுகின்றன. ஆகவே "புரோசசருக்கு எத்தனை வயது?" என்பதைவிட, "இதற்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆதரவு மிச்சம்?" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கார் கணக்கு போதாது

பெரோடுவா தொழிற்சாலை இருக்கும் ஊர் எங்கள் சுங்கை சோ. ஆகவே எங்களுக்கு எல்லாமே கார் கணக்குதான். புது ஆக்சியா வாங்கும் பணத்தில் பழைய மெர்சிடிஸ் வாங்கலாம். ஆனால் உதிரிப்பாகச் செலவு யானைக்குத் தீனி போடுவதுபோல் ஆகிவிடும் என்று எங்கள் மாமாமார்கள் சொல்வார்கள். மடிக்கணினிக்கும் இது ஓரளவு பொருந்தும். ஆனால் ஓரிடத்தில் பொருந்தாது. பழைய காரை உதிரிப்பாகம் கிடைக்கும் வரை ஓட்டிக்கொண்டே இருக்கலாம். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் காலம் முடிந்தது என்று எங்கோ இருக்கும் நிறுவனம் ஒரு தேதி குறித்துவிடுகிறது.

அந்தத் தேதிக்குப் பிறகும் கணினி இயங்கும். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் வங்கிக் கணக்கும் பி.டி.பி.டி.என். கணக்கும் திறப்பது, பூட்டு இல்லாத வீட்டில் நகையை வைப்பதுபோலத்தான். ஏற்கெனவே விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறப் பதிந்துகொள்ளலாம். மைக்ரோசாப்ட் கணக்கில் உங்கள் அமைப்புகளைக் காப்புப்பதிவு செய்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. இது ஏற்கெனவே கையில் இருக்கும் கணினிக்கு ஓராண்டு அவகாசம். இதை நம்பி இன்று புதிதாக ஒரு விண்டோஸ் 10 கணினியை வாங்காதீர்கள்.

லினக்ஸ் போடலாமே என்று சிலர் கேட்பீர்கள். நல்ல வழிதான். உலாவி, ஆவணம் எழுதுவது, நிரலாக்கம் பழகுவது இவற்றுக்கு உபுண்டுவோ லினக்ஸ் மிண்ட்டோ பழைய கணினிக்கு மறுவாழ்வு தரும். ஆனால் படிப்பு என்ன கேட்கிறது என்று முதலில் பாருங்கள். நம் நாட்டுக் கணக்கியல் மாணவர்கள் பலர் பழகும் எஸ்.கியூ.எல். அக்கவுண்டிங் விண்டோசில் ஓடுவது. பொறியியலின் சாலிட்வொர்க்ஸ், கட்டட வடிவமைப்பின் ரெவிட் இரண்டும் அப்படியே. கணக்கியல் படிக்கப்போகும் பெண்ணுக்கு மெக் பொருந்தாமல் போவதற்கு இது இரண்டாவது காரணம்.

புதிது என்றால் நல்லதா?

அதற்காகப் புதிதெல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். 2010 முதல் வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு வழங்கப்பட்ட 1மலேசியா நெட்புக் நினைவிருக்கிறதா? புதியவைதான். ஆனால் சின்னத் திரையும் மெதுவான புரோசசருமாக, சில ஆண்டுகளிலேயே பல வீடுகளில் அலமாரிக்கு ஏறிவிட்டன. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான வீடுகளில் முதல் கணினியைக் கொண்டுவந்து சேர்த்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி என்று அங்கே மீண்டும் அறிவித்தார்கள். யார் கொடுத்தாலும், எங்கே வாங்கினாலும், பெட்டி புதிதா என்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது, அது எவ்வளவு காலம் வரும் என்பதுதான் பேச்சு.

இன்றும் கடைகளில் 4 ஜிபி ரேமோடு புதிய மடிக்கணினிகளைப் பார்க்கலாம். அவற்றைவிட நல்ல நிலையில் உள்ள பழைய அலுவலகக் கணினி பல மடங்கு மேல்.

அக்கா வீட்டுக் கணக்கு

இரண்டு நாள் கழித்து அக்காவின் வீட்டில் அமர்ந்து, ஒரு தாளில் மூன்று வரி எழுதினேன். விலையை, மிச்சமிருக்கும் பயன் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இண்டெல் மெக்புக் ஏர்: 1,650 வெள்ளி, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. ஆண்டுக்கு 1,100 வெள்ளி.

பழைய அலுவலகக் கணினி, பதினொன்றாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம்: நாங்கள் விசாரித்த விலை 1,250. பின்னால் மின்கலன் மாற்ற 200 சேர்த்தால் 1,450. படிப்பு முடியும் வரை மூன்றரை ஆண்டு. ஆண்டுக்குச் சுமார் 414 வெள்ளி.

புதிய ஐ3, 8 ஜிபி ரேம், உத்தரவாதத்தோடு: 1,900 வெள்ளி. ஐந்து ஆண்டு வரும் என்று வைத்தால் ஆண்டுக்கு 380 வெள்ளி.

ஆண்டுக் கணக்கில் புதியதுதான் மலிவு. அதை வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். ஐ3 என்று முகம் சுளிக்க வேண்டாம். 2022இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 1215யுவில் ஆறு கோர்கள் இருக்கின்றன. என் பழைய ஐ7ஐப்போல மூன்று மடங்கு. ஆனால் 2,000 வெள்ளியில் 1,900 போய்விட்டால் பதிவுக் கட்டணத்துக்கு அக்கா எங்கே போவார்? ஏழை வீட்டில் ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது, இந்த மாதக் கணக்கும் சேர வேண்டும். இரண்டாவதை எடுத்தால் இப்போதைக்கு 750 வெள்ளி கையில் நிற்கும்.

பெண் அமைதியாக இருந்தாள். பிறகு சொன்னாள்: "கூட்டாளிங்க எல்லாம் ஆப்பிள் வச்சிருப்பாங்க அண்ணே. நான் மட்டும் கறுப்பு டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போகணுமா?"

அதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றவில்லை. தோட்டத்திலிருந்து கிளம்பிப் பெரிய வளாகத்துக்குள் முதல்முறை நுழைகிறவனுக்கு, கையில் இருக்கும் பொருள் ஒரு தைரியம். 2019இல் நான் வாங்கியதும் அந்தத் தைரியத்தைத்தான். எழுந்து போய் என் பழைய ஐ7ஐ எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். "அழகா இருக்கு அண்ணே" என்றாள். "ஒரு யூடியூப் பாடத்தைத் திற" என்றேன். விசிறி இரையத் தொடங்கியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

வாங்கும்முன் பாருங்கள்

முதலில் புரோசசரின் முழுப் பெயரைக் கேளுங்கள். 'ஐ5', 'ஐ7' போதாது. பின்னால் வரும் எண் 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1135 என்றால் பதினொன்று. எட்டு என்பது கடைசிப் படி. பத்துக்கு மேல் என்றால் நிம்மதி. ஏஎம்டி ரைசன் என்றாலும் சரி, இண்டெல் என்றாலும் சரி, மைக்ரோசாப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியைக் கடையிலேயே ஓடவிட்டு விண்டோஸ் 11 தகுதியைப் பாருங்கள். "விண்டோஸ் 11 போட்டாச்சு" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். தகுதியற்ற கணினியிலும் சுற்றுவழியில் அதை ஏற்றிவிட முடியும்.

அடுத்து, ரேமைக் கூட்ட முடியுமா, பற்றவைக்கப்பட்டதா என்று கேளுங்கள். பற்றவைத்தது என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். சேமிப்பு எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும். மின்கலனின் தொடக்கக் கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் விண்டோசிலேயே அறிக்கையாக எடுக்கலாம். பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். தொடுபலகை மேலே தூக்கிக்கொண்டோ, அடிப்பகுதி புடைத்தோ இருந்தால் மின்கலன் வீங்கியிருக்கலாம். தொடவே வேண்டாம்.

கணினியை முதல் நிலைக்கு மீட்டமைத்து, உங்கள் கண் முன்னே தொடங்கச் சொல்லுங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயரோ, முந்தைய உரிமையாளரின் கணக்கோ கேட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பூட்டு இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது.

கடைசியாக, ரசீது. கடையில் வாங்கினால் ஏமாற்றத்துக்கு வழி உண்டு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளிக் கட்டணத்தில் பதியலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. வருமான வரி கட்டும் பெற்றோர், கணினிச் செலவை வாழ்க்கைமுறைக்கான 2,500 வெள்ளி வரி விலக்கின் கீழ் காட்டவும் ரசீது வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் கடைக்குப் போனோம். முதலில் காட்டிய கணினியைத் தொடங்கியதும் ஒரு நிறுவனத்தின் பெயர் திரையில் வந்தது. நான் வாய் திறப்பதற்கு முன்பே அந்தப் பெண், "இது வேண்டாம் அங்கிள், வேற காட்டுங்க" என்றாள். இரண்டாவது கணினியில் புரோசசர் எண்ணை அவளே படித்தாள், மின்கலன் அறிக்கையை அவளே எடுத்தாள், ரசீதில் தலைமுறையும் ரேமும் எழுதச் சொல்லி வாங்கினாள்.

கறுப்பு டப்பாதான். ஆனால் அவள் படிப்பு முடியும் வரை வரும். மிச்சம் 750 வெள்ளியை அக்கா உறையில் போட்டு, மேலே 'பதிவு' என்று எழுதிவைத்திருக்கிறார்.